தடையில்லாச் சான்று பெறாத நன்றி

சுவரில் படம் வரைந்தோமா, வேலை முடிந்ததா, பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிற நகராட்சிகள் உலகத்தில் நிறைய இருக்கும். இந்தக் கதையில் வருகிற நகராட்சி அப்படிப்பட்ட பொறுப்பில்லாத நகராட்சி அல்ல. படத்தைப் பார்த்தவனுக்குள் ஏதாவது நடந்ததா, நடந்தது என்றால் எத்தனை மணிக்கு நடந்தது என்பதையெல்லாம் கவனிப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தது. பொதுக்கலைப் பயன் பிரிவு என்று அதற்குப் பெயர். பிறப்பு இறப்பு பதிவு செய்யும் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் அது இருந்தது. உள்ளே இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, உணர்வு அலுவலர் என்கிற பதவிப் பெயரோடு ஒரு மனிதர்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பேருந்து நிறுத்தத்தின் பின்பக்கச் சுவரில் ஒரு பெரிய படம் வரைந்தார்கள். தெருக்குழாய். அதிலிருந்து தண்ணீர் விழுகிறது. ஒரு பெண் குனிந்து வாளியில் பிடிக்கிறாள். பக்கத்தில் ஒரு நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. வரைந்தவர் நல்ல கைக்காரர். முடித்த மறுநாளே ஊரைவிட்டுப் போய்விட்டார். அதனால் பின்னால் நடந்ததையெல்லாம் பார்க்காமல் தப்பித்த ஒரே ஆள் அவர்தான். படத்துக்கு முன்னால் நகராட்சி ஒரு பலகை நட்டது. "இங்கே நின்று சிந்திக்கவும். நன்றியுணர்வு ஏற்படுவோர் உடனடியாக அலுவலகத்தில் தெரிவிக்கவும்."

வருடத்துக்கு நானூறு பேர் சிந்திப்பார்கள், அதில் நூறு பேருக்காவது நன்றி வரும் என்று இலக்கு வைத்தார்கள். ஆறு வருடத்தில் பலகையின் மேல் காக்கை உட்கார்ந்தது, பலகைக்குக் கீழே நாய் படுத்தது, அவசரத்துக்கு ஒதுங்குகிறவர்கள் பலகைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். அலுவலகத்துக்கு ஒரு ஆள் வரவில்லை. ஆண்டறிக்கையில் உணர்வு அலுவலர் ஒவ்வொரு வருடமும் "உணர்வு எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இந்த நேரத்தில்தான் நம் பிளம்பர் தன் வாயாலேயே போய் மாட்டிக்கொண்டார்.

பிளம்பருக்கு அன்று இருபத்து மூன்றாவது நாள். இருபத்து மூன்று நாளாக அவர் மனைவி அவரோடு பேசவில்லை. முதல் நாள், நகராட்சியின் வீட்டுக் கணக்கெடுப்பு என்று ஒருவர் வாசலில் வந்து நின்றார். உங்கள் தொழில் என்ன என்று கேட்டார். பிளம்பர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். மனைவி என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். "அவ சும்மாதான் இருக்கா" என்று பிளம்பர் சொன்னார். சொன்ன நேரத்தில் மனைவி உள்ளே தையல் மெஷினில் பள்ளிக்கூடத்துக்கான நாற்பது சட்டைகளில் இருபத்தெட்டாவது சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் நின்றது. மறுபடி ஓட அரை நிமிடம் ஆனது. மெஷின் ஓடியதே தவிர, அவளுடைய வாய் திறக்கவில்லை.

பேசவில்லை என்றால் முழுக்கப் பேசவில்லை என்று அர்த்தமில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை மெஷினிடம் சொல்லுவாள். "யாருக்கோ சட்டை வேணுமாம், கொடியில காயுது, எடுத்துக்கட்டும்." "யாரோ குளிச்சிட்டு ஈரக்காலோட நடந்து வராங்க." பிளம்பரும் வேறு வழியில்லாமல் மெஷினைப் பார்த்தே தலையாட்டப் பழகிவிட்டார். ஆனால் ஒன்று. காலை ஏழரைக்கு வாசல் ஸ்டூலின் மேல் சாப்பாட்டு டப்பா வந்து உட்கார்ந்துவிடும். மூடியை இறுக்கித் துணி சுற்றி, சுடச்சுட. இருபத்து மூன்று நாளில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அன்றைக்கு பஸ் வரவில்லை. பிளம்பர் நிறுத்தத்தில் நின்று பொழுது போகாமல் திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஆறு வருடமாக அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்த சுவர்தான். முதலில் தொழில்காரன் கோபம்தான் வந்தது. குழாயின் கைப்பிடி குறுக்கே இருந்தது. கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே கிடந்தால் மூடியிருக்கிறது. இது பச்சைக் குழந்தைக்குத் தெரியும். மூடின குழாயில் தண்ணீர் கொட்டுகிற மாதிரி எந்தப் புண்ணியவான் வரைந்து வைத்திருக்கிறான் என்று நினைத்துச் சிரிக்கப் போனார்.

சிரிப்பு வரவில்லை. கையில் டப்பா சூடாக இருந்தது. மூடித்தான் இருக்கிறாள், இருந்தும் நிற்காமல் வந்துகொண்டேதான் இருக்கிறது என்று தோன்றியது. அதற்கு மேல் அவருக்குக் கோவையாகச் சிந்திக்கத் தெரியாது. தோளில் தொங்குகிற பையைத் தடவிப் பார்த்தார். அதுவும் அவள் தைத்ததுதான். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அளவெடுத்து ஒரு தனிப் பாக்கெட். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அந்தப் பாக்கெட்டுகளை அவர் எண்ணிப் பார்த்ததுகூட இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவளிடம் நேருக்கு நேர் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அந்த முடிவுக்கு வந்த சந்தோஷத்தில் சுவரைப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

தோளில் ஒரு கை விழுந்தது.

"இப்ப என்ன சொன்னீங்க?"

பிளம்பருக்கு அரசாங்க முத்திரை என்றாலே ஆகாது. தபால் தலையைக்கூட இரண்டு கையால் வாங்குகிறவர். திரும்பினால் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு ஆள்.

"நான் ஒண்ணும் பண்ணலை சார். சுவர் பக்கம் ஒதுங்கறதுக்கு வரலை. பஸ்ஸுக்குத்தான் நிக்கறேன்."

"அது இல்லைங்க. சுவரைப் பாத்து தேங்க்ஸ்னு சொன்னீங்க. என் காதால கேட்டேன்." அலுவலருக்குக் குரல் தழுதழுத்தது. "ஆறு வருஷங்க. எதிர்க்கடையில ஸ்டூல் போட்டு தினம் காலையில ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேன். என் பிள்ளைங்ககூட அப்பா என்ன வேலை பாக்கறாருன்னு கேட்டா பேச்சை மாத்திடுவாங்க. வாங்க, ஆபீஸுக்குப் போலாம். டீ சாப்பிடறீங்களா?"

ஆபீஸில் படிவம் ஏழு என்று ஒன்று இருந்தது. அச்சடித்த நாளிலிருந்து கட்டுப் பிரிக்காத படிவம். உணர்வு ஏற்பட்ட நேரம், உணர்வு ஏற்படும்போது நின்றிருந்தாரா அமர்ந்திருந்தாரா, கண்ணீர் ஒரு கண்ணிலா இரு கண்ணிலா, இதே உணர்வு வேறு நகராட்சி எல்லையில் ஏற்கெனவே ஏற்பட்டதுண்டா. பிளம்பர் ஒவ்வொன்றுக்கும் பயந்து பயந்து பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு வந்தார்கள்.

"நன்றி யாருக்கு?"

"என் சம்சாரத்துக்கு சார்."

அலுவலரின் பேனா நின்றது. "சம்சாரம் நகராட்சியில வேலை பாக்கறாங்களா?"

"இல்லை சார். வீட்டுலதான்…" சும்மா என்று நாக்கு நுனிவரை வந்ததைப் பிளம்பர் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டார். "தையல் வேலை."

"அப்போ அவங்க தனியார்." அலுவலர் ஒரு தடித்த விதிமுறைப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். "பாருங்க, விதி பதினாலு. பொதுச் சொத்துல இருந்து எழுகிற நன்றி பொதுச் சொத்து. அதைத் தனியாருக்கு மாத்தணும்னா தடையில்லாச் சான்று வேணும். பூங்காவுல பூ பறிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்களா? மாட்டீங்க இல்ல? அது மாதிரிதான்."

"அப்போ அவகிட்ட சொல்லக் கூடாதா சார்?"

"தாராளமா சொல்லலாம். சான்று வந்ததும் சொல்லலாம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"விதிப்படி பதினஞ்சு நாள்." அலுவலர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "விதிப்படி இதுவரைக்கும் எதுவும் நடந்ததில்லைன்னு வைங்க. அதுவரைக்கும் உணர்வைப் பத்திரமா வச்சுக்கங்க. நாங்க ஆய்வுக்கு வரும்போது குறையாம இருக்கணும். வீட்டுல போய்க் கொஞ்சம் கொஞ்சமா செலவழிச்சுட்டு வந்து நிக்காதீங்க. ஆமா, உங்க பிளம்பர் லைசென்ஸ் புதுப்பிக்கற ஃபைலும் பக்கத்து செக்ஷன்லதானே இருக்கு?"

மிரட்டும் எண்ணமெல்லாம் அலுவலருக்குக் கிடையாது. பேச்சுவாக்கில்தான் கேட்டார். ஆனால் லைசென்ஸ் இல்லாவிட்டால் புதுக் குழாய் இணைப்பு ஒன்றைக்கூட இந்த ஊரில் தொட முடியாது. பிளம்பர் எழுந்து நின்று சரி சார் என்றார்.

மனைவிக்கு நன்றி சொல்வதற்கு நகராட்சியில் அனுமதி கேட்டுக் காத்திருந்த மனிதன் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். முத்திரைக்குப் பயந்தவன் எதற்கு வேண்டுமானாலும் காத்திருப்பான். அன்று சாயங்காலம் பிளம்பர் வீட்டுக்குப் போனார், மெஷினுக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், வாயைத் திறந்தார். விதி பதினாலு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார், மறுபடி மூடிக்கொண்டார்.

"யாரோ தண்ணியில இருந்து எடுத்துப் போட்ட மீன் மாதிரி பண்றாங்க" என்று அவள் மெஷினிடம் சொன்னாள். சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். காத்திருந்தது போதும் என்று அவள் மிதிக்க ஆரம்பித்தாள். அவள் காத்திருந்ததை அவர் கவனித்தார். அதுதான் அவரை இராத்திரி முழுக்கப் புரட்டிப் புரட்டி எடுத்தது.

ஆய்வுக் குழு முப்பத்தெட்டாம் நாள் வந்தது. உணர்வு அலுவலர், வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒரு கலை நிபுணர், சுவர் என்பதால் கட்டட விவகாரம் என்று சேர்த்துக்கொள்ளப்பட்ட உதவிப் பொறியாளர். பிளம்பர் அன்று நின்ற இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள் நிற்க வைத்து, "இயற்கையா உணருங்க" என்றார்கள்.

பிளம்பர் சுவரைப் பார்த்து தேங்க்ஸ் என்றார்.

"சத்தம் பத்தலை" என்றார் பொறியாளர்.

"சத்தம் முக்கியமில்லை. ஆழம் வரலை" என்றார் நிபுணர். "நன்றி உங்களுக்கு எங்க ஆரம்பிக்குது? நெஞ்சிலயா, தொண்டையிலயா? நெஞ்சுன்னா அது தரிசனம். தொண்டைன்னா வெறும் மரியாதை. நான் இந்தப் படத்தைப் பத்தி அறுபது பக்கம் எழுதியிருக்கேன். எனக்கே இதுவரைக்கும் ஒண்ணும் தோணலை. அப்படின்னா உங்களுக்குத் தோணினது எவ்வளவு நுட்பமானதா இருக்கணும்னு பாருங்க."

பதினோரு தடவை பிளம்பர் தேங்க்ஸ் சொன்னார். பஸ்ஸுக்கு நின்றவர்களில் இரண்டு பேர் அவரவர் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டாவது தடவையில் பிளம்பருக்குப் பொறுமை போயிற்று. படத்தில் இருக்கிற எதைப் பார்த்துத் தோன்றியது என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். தவளை தன் வாயால் கெட்ட கதைதான்.

"அந்தக் குழாய் சார். கைப்பிடி குறுக்க இருக்கு, பாருங்க. மூடித்தான் இருக்கு. ஆனா தண்ணி வருது. தப்புத்தான். அந்தத் தப்பைப் பாத்ததும்தான் எனக்கு…"

அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த உதவிப் பொறியாளர் கண் விழித்தார். ஏணி கொண்டுவரச் சொன்னார். மேலே ஏறி வரைந்த குழாயை விரலால் தட்டிப் பார்த்தார். இறங்கி வரும்போது முகம் வெளுத்திருந்தது.

"ஆறு வருஷமா நகராட்சிச் சுவர்ல மூடின குழாயில தண்ணி வந்துட்டிருக்கு. ஒருத்தரும் எங்க பிரிவுக்குத் தகவல் சொல்லலை. இது எங்க கொண்டு போய் விடும் தெரியுமா? மூடின குழாயில தண்ணி வருதே, எங்க வீட்டுத் திறந்த குழாயில ஏன் வரலைன்னு ஜனங்க கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. அதுக்கு எங்ககிட்ட பதில் கிடையாது."

"சார், அதை அப்படியே விட்டுடுங்க சார்" என்றார் பிளம்பர். அவருடைய வாழ்க்கையில் ஒரு அதிகாரியிடம் கையைப் பிடித்துக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. "அந்தத் தப்புதான் சார் எனக்கு எல்லாமே."

"தப்புன்னு நீங்களே ஒத்துக்கறீங்க" என்ற பொறியாளர் உணர்வு அலுவலர் பக்கம் திரும்பினார். "அதுவும் லைசென்ஸ் வச்சிருக்கிற பிளம்பர். எழுத்துல வாங்கிக்கங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஒரு வாரத்தில் திருத்தம் நடந்தது. கைப்பிடியை நேராக வரைந்திருக்கலாம். ஆனால் வரைவது கலை, அதற்கு ஓவியர் வேண்டும், ஓவியருக்கு டெண்டர் விட வேண்டும். தண்ணீரை அழிப்பது பராமரிப்பு, அதற்கு ஒரு வாளி பெயிண்ட் போதும், அது கிடங்கில் இருந்தது. ஆகவே தண்ணீரை அழித்தார்கள். மூடிய குழாய், சொட்டுத் தண்ணீர் இல்லை, கீழே ஒரு பெண் காலி வாளியோடு குனிந்து காத்திருக்கிறாள், நாய் நாக்கைத் தொங்கப் போட்டபடி நிற்கிறது. உதவிப் பொறியாளர் எதிர்க்கடையில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்பதான் நம்ம ஊர் மாதிரி இருக்கு" என்றார்.

முதல் பயனாளியைப் பாராட்டும் விழாவுக்கு நாள் குறித்தார்கள். அழைப்பிதழ் ஐம்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தது. பிளம்பர் வேலைக்குப் போயிருந்ததால் அவர் மனைவிதான் வாங்கினாள். அதில் பிளம்பரால் நன்றி தெரிவிக்கப்பட இருப்போர் என்று ஒரு பட்டியல். ஆணையர், உணர்வு அலுவலர், உதவிப் பொறியாளர், நிபுணர், ஏணி பிடித்தவர் என்று பத்தொன்பது பேர். அடியில் ஒரு வரி: "பயனாளியின் மனைவி. தொழில்: சும்மா. தவறாமல் வரவும். வரத் தவறினால் உரிமம் புதுப்பித்தல் பாதிக்கப்படும்." கணக்கெடுப்பில் பதிவானதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். நகராட்சியில் ஒரு பிரிவின் காகிதம் இன்னொரு பிரிவுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

பிளம்பர் வந்தபோது அழைப்பிதழ் ஸ்டூலின் மேல் இருந்தது. அன்று அவள் மெஷினிடமும் பேசவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு ஸ்டூல் காலியாக இருந்தது.

பிளம்பர் ஸ்டூலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். சமையலறையில் டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பசியெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமில்லை, கடையில் எதையாவது தின்றுகொள்ளலாம். அவர் பயந்தது வேறு காரணத்துக்காக. மூடியிருந்தாலும் வந்துகொண்டிருந்தது இன்றைக்கு நின்றுவிட்டது. நேற்றைக்குள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். சான்று வரட்டும், சான்று வரட்டும் என்று இருபத்தொன்பது நாளைத் தின்றுவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் செருப்பு மாட்டினாள். விழாவுக்கு வரப் போகிறாள். அவருடைய லைசென்ஸுக்காகத்தான் வருகிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அது தெரிந்தது இன்னும் மோசமாக இருந்தது.

சுவருக்கு முன்னால் பந்தல், மேடை, நாற்காலி, மைக். மனைவியை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்து, "பயனாளி குடும்பம்" என்று அச்சடித்த அட்டையைக் குத்திவிட்டார்கள். பிளம்பரின் சட்டையில் உணர்வு அலுவலர் தம் கையாலேயே ஒரு சின்ன மைக்கை மாட்டினார். "மெல்லச் சொன்னாலும் கேக்கும். கூச்சப்படாதீங்க" என்றார். அலுவலர் புதுச் சட்டை போட்டிருந்தார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் முதல் வரிசையில் இருந்தார்கள்.

ஆணையர் பேசினார்.

"இந்த நகராட்சி உங்களுக்குச் சாலை போட நினைத்தது. போட முடியவில்லை. குடிநீர் கொடுக்க நினைத்தது. அதையும் கொடுக்க முடியவில்லை. மனம் தளர்ந்தோமா? இல்லை. கொடுக்க முடியாதவற்றை எல்லாம் விட்டுவிட்டு, உங்களுக்கு உணர்வைக் கொடுப்போம் என்று முடிவு செய்தோம். சாலை போட்டால் மழையில் போய்விடும். தண்ணீர் விட்டால் குடித்துத் தீர்த்துவிடுவீர்கள். நன்றியைக் கொடுத்தால் அது எங்களுக்கே திரும்பி வரும். இதைவிடச் சிக்கனமான திட்டம் எந்த ஊரிலும் கிடையாது. ஆறு ஆண்டுகளில் ஒருவர் என்பது குறைவு என்று சிலர் பேசுகிறார்கள். சாலை விஷயத்தில் அந்த ஒன்றும் இல்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்."

கைதட்டினார்கள். நிபுணர் எழுந்து, தண்ணீர் அழிக்கப்பட்ட பிறகு படத்தில் தண்ணீரின் இருப்பு அதிகமாகியிருக்கிறது என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு பிளம்பரை வட்டத்துக்குள் நிற்க வைத்தார்கள். கையில் பத்தொன்பது பெயர்ப் பட்டியல். முதலில் சுவரைப் பார்த்து உணர வேண்டும், பிறகு பட்டியலைப் படிக்க வேண்டும், கடைசியில் கேடயம்.

பிளம்பர் சுவரைப் பார்த்தார். மூடிய குழாய். காலி வாளி. அந்தப் பெண் இன்னும் குனிந்துகொண்டுதான் இருந்தாள், எதற்கென்றுதான் தெரியவில்லை. எல்லாம் சரியாக இருந்தது, ஒரு தப்பும் இல்லை. அவருக்கு உள்ளே ஒன்றும் வரவில்லை, பயம்தான் வந்தது.

"கொஞ்சம்கூட வரலையா?" என்று உணர்வு அலுவலர் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். "பத்திரமா வைக்கச் சொன்னேனே."

பிளம்பர் வட்டத்தை விட்டு வெளியே வந்தார். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மேடையைச் சுற்றிக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போய் மனைவிக்கு எதிரில் நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அந்தாளுகிட்ட நீ சும்மா இருக்கன்னு சொன்னேன்" என்றார். "நீ உள்ள தைச்சிட்டிருந்த. எனக்கு மெஷின் சத்தம் கேட்டுச்சு. கேட்டுட்டேதான் சொன்னேன். என் ஒருத்தன் உழைப்புலதான் வீடு நடக்குதுன்னு வெளியாள் முன்னாடி காட்டிக்கணும்னு ஆசை. அவ்வளவுதான் புத்தி. நீ தைச்சுக் குடுத்த பையை மாட்டிக்கிட்டு, நீ கட்டிக் குடுத்ததைத் தின்னுட்டு, நாள்பூரா ஊர் குழாயெல்லாம் திருகிட்டு வரேன். நீ ஒரு நாள் நின்னுட்டா நான் ரெண்டாம் நாள் இல்லை. இதைச் சொல்லணும்னு ஒரு மாசமா வாய்வரைக்கும் வருது. இவங்க அனுமதி குடுக்கலைன்னு அடக்கிட்டிருந்தேன். அதைவிடப் பெரிய மடத்தனம் நான் பண்ணதில்லை. என்னை மன்னிச்சுடு. ரொம்ப தேங்க்ஸ்."

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஐம்பத்திரண்டு நாளுக்குப் பிறகு அவள் அவரை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"மைக்கு ஆன்ல இருக்கு" என்றாள்.

பிளம்பர் சட்டையைப் பார்த்துக்கொண்டார். ஊர் முழுக்கக் கேட்டிருந்தது. எதிர்க்கடைக்காரர் உள்ளே திரும்பித் தன் மனைவியை இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து யாருக்கோ போன் செய்யப் போனார். இப்படி நாலைந்து பேருக்கு ஏதேதோ நடந்தது. சுவரைப் பார்த்து வராததால் அவை பதிவேட்டில் ஏறவில்லை. ஏறியதெல்லாம் ஒரு வரிதான். உணர்வு அலுவலர் எழுதினார்: "காலை பதினொன்று நாற்பத்திரண்டு. நன்றி முழுவதும் சான்று பெறாமல் தனியாருக்கு மாற்றப்பட்டது."

பத்து நாள் கழித்து அலுவலர் வீட்டுக்கு வந்தார். தபாலில் அனுப்பியிருக்கலாம், ஆனால் இந்த மாதிரி நோட்டீஸை இதுவரை யாருக்கும் அனுப்பியதில்லை என்பதால் நேரில் கொண்டுவந்தார். நோட்டீஸ் பிளம்பருக்கு அல்ல, அவர் மனைவிக்கு. "தாங்கள் முறையின்றிப் பெற்றுக்கொண்ட நகராட்சி நன்றியை ஏழு நாட்களுக்குள், பெற்ற நிலையிலேயே, திருப்பி ஒப்படைக்க வேண்டும்" என்று எழுதியிருந்தது.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தாள். "இதை எப்படிங்க திருப்பிக் குடுக்கறது?" என்று கேட்டாள்.

"அதைத்தான் நாங்களும் நாலு நாள் உக்காந்து பேசினோம்மா" என்றார் அலுவலர். கூச்சத்தோடு ஒரு காகிதத்தை நீட்டினார். "ஒரு வழி இருக்கு. அவர் சொன்னதை நீங்க கேக்கலைன்னு ஒரு கையெழுத்து போட்டாப் போதும். சொன்னார், ஆனா போய்ச் சேரலைன்னு ஆயிடும். கணக்குல நன்றி எங்ககிட்டயே நின்னுடும். லைசென்ஸ் ஃபைல்ல சாயங்காலமே கையெழுத்தாயிடும். போடலைன்னா ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வச்சுடுவாங்க. என் கையில எதுவும் இல்லைம்மா. நான் அன்னிக்குக் கேட்டேன், என் பிள்ளைங்களும் கேட்டாங்க. வீட்டுக்குப் போறப்போ சின்னவன் என் கையைப் பிடிச்சிட்டே வந்தான். ஆனா அது வேற."

பிளம்பர் கதவோரமாக நின்றிருந்தார். ஒரு வருடம் புது இணைப்பு இல்லை என்றால் அடுத்தவன் கீழ் கூலிக்குப் போக வேண்டும். அந்த அடுத்தவன் யார், எப்படிப் பேசுவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவள் அவரைப் பார்த்தாள்.

"என்னங்க பண்ணட்டும்?"

"போட்டுடு" என்றார் பிளம்பர். "காகிதம்தானே. நான் வேணும்னா உனக்குத் தினமும் சொல்றேன்."

"தினமும் சொல்லுங்க, வேண்டாங்கலை" என்றாள். அலுவலரிடம் பேனாவை வாங்கினாள். காகிதத்தை மெஷின் பலகையின் மேல் வைத்து, கையெழுத்து போட வேண்டிய இடத்துக்கு மேலே நிதானமாக எழுதினாள். எழுதியதை அலுவலர் தலைகீழாகவே படித்தார். "கேட்டேன். நன்றாகவே கேட்டேன். திருப்பித் தர மாட்டேன்."

"அம்மா, லைசென்ஸு…"

"அது அடுத்த வருஷம் வரும்ங்க" என்றாள். "இது வர்றதுக்குப் பதினெட்டு வருஷம் ஆச்சு."